ஆர்டெல்லாவின் வெள்ளிக்கிழமை

திங்கட்கிழமை மதியம், பயிற்சிக்குக் கிளம்புமுன் பூட்ஸ் நாடாவைக் கட்டக் குனிந்த எஸ்ரா பெட்டவே, பிறகு நிமிரவே இல்லை. மாலைக்குள் சைப்ரஸ் ஃபோர்க் ஊரில் அந்தச் சேதி தெரியாத வீடு ஒன்றுகூட இல்லை. சமையலறையில் நின்ற ஆர்டெல்லா மட்டும் கண்ணீர் விடாமல், கணவனின் மற்றொரு பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தாள் என்று போன வாரம் பார்த்தோம்.

இன்று வெள்ளிக்கிழமை. கிழக்கு டெக்சாஸில், அதுவும் அக்டோபரில், வெள்ளிக்கிழமை என்றால் ஃபுட்பால்தான். மாலை ஐந்துக்கே கடைகள் மூடிவிடும். தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிய பிள்ளைகள் ஒரு கோணல் பந்துக்காக ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரள, அதைப் பார்க்க ஊரே ஸ்டேடியத்தில் கூடிவிடும். கல்யாணத்தைக்கூட வெள்ளிக்கிழமையில் வைக்கப் பயப்படுகிற ஊர் அது.

எஸ்ராவின் மகன் வெண்டல் இந்த வருடம்தான் அந்த ஊர்ப் பள்ளிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனான். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவன் அவன்தான். அப்பா பதினாலு வருடம் அதே மைதானத்தில் உதவிப் பயிற்சியாளராக இருந்தே காலத்தைக் கழித்தவர். இந்த சீசனில் மகனுக்கே உதவியாளர். வீட்டில் "டேய்" என்று கூப்பிடுகிறவர், மைதானத்தில் கால் வைத்துவிட்டால் மகனைக் "கோச்" என்றுதான் அழைப்பார். வெண்டலுக்குக் கூச்சமாக இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

அன்று காலை அம்மா வீட்டுச் சமையலறையில் கால் வைக்க இடமில்லை. சர்ச் பெண்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். பன்றித்தொடை இறைச்சி, கீரை, சோள ரொட்டி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்பு. வெண்டலின் மனைவி ரோசலின் எந்தப் பாத்திரம் யாருடையது என்று அடியில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். நல்ல விஷயம்தான்."

"நல்ல விஷயம்னா தொப்பியைக் கையில வச்சு எதுக்கு இப்படிப் பிழியுற?" என்றாள் ஆர்டெல்லா.

வெண்டல் தொப்பியை மேசைமேல் வைத்தான். "இன்னைக்கு ஆட்டத்துக்கு முன்னாடி அப்பாவை ஸ்டேடியத்துக்குக் கொண்டு வரச் சொல்றாங்கம்மா. பெட்டியை நடு மைதானத்துல வச்சு, ஊரே எழுந்து நிக்கப்போகுது. பேண்டு வாசிக்கும். அப்புறம் வீட்டுக்கே கொண்டு வந்துடலாம். அடக்கம் நாளைக்குத்தானே."

"யாரு சொல்றாங்க?"

"ஹாகுட் சார்தான்." மாவட்டப் பள்ளிகளுக்கெல்லாம் அதிகாரி அவர்.

"நீ என்ன சொன்ன?"

"சரின்னு சொல்லிட்டேன்."

"எப்போ?"

"புதன்கிழமை."

ஆர்டெல்லா கை துடைத்த துணியை மடித்து, மறுபடியும் மடித்தாள். "புதன்கிழமை சொல்லிட்டு, வெள்ளிக்கிழமை வந்து என்கிட்ட கேக்குற. அவர் என் புருஷன்டா. உன் டீம்ல இருக்கிற ஆள் இல்ல, நீ நினைச்ச இடத்துல கொண்டுபோய் நிறுத்த."

"அம்மா, இந்த ஊரு அப்பாவுக்குக் குடுக்குற முதல் மரியாதை இது."

"செத்தவருக்கு மரியாதை குடுக்கறது சுலபம். அவர் எழுந்து வந்து தலைமை நாற்காலி கேக்கமாட்டாரு பாரு." அவள் குரல் ஏறவில்லை. "மூணு மணிக்கு அவரை வீட்டுக்குக் கொண்டு வராங்க. இன்னைக்கு ராத்திரி அவர் என்கூட இருப்பாரு. ஸ்டேடியத்துக்கு வரமாட்டாரு."

"ஏன்னு சொல்லும்மா."

"ஏன்னு கேக்குற பாரு, அதுக்குத்தான் சொல்லமாட்டேன்."

ரோசலின் தலையைத் தூக்காமல் காகிதம் ஒட்டிக்கொண்டே இருந்தாள்.

அங்கிருந்து வெண்டல் நேராக ஹாகுட் அலுவலகத்துக்குப் போனான். வாயை விட்டு மாட்டிக்கொண்டவன் எப்படி நடப்பானோ, அப்படி நடந்தான்.

"வாங்க கோச், வாங்க!" ஹாகுட் எழுந்தே வந்துவிட்டார். "எல்லா ஏற்பாடும் ஆச்சு. பெட்டி மேல போர்த்த சிவப்புப் போர்வை தைக்கச் சொல்லியிருக்கேன். நம்ம பள்ளி நிறம். பத்திரிகைக்காரங்க டைலர் நகரத்துலேருந்து வராங்க. உங்க அம்மா எங்க உக்காரணும்னு மட்டும் சொல்லுங்க."

"சார், அம்மா வேண்டாம்கிறாங்க."

"துக்கத்துல அப்படித்தான் சொல்வாங்க. நீங்க எடுத்துச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன் சார். முடியாதுங்கிறாங்க."

ஹாகுட் மெதுவாகப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாலு அடிக்குள் 'கோச்' காணாமல் போய் 'வெண்டல்' வந்துவிட்டான், 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

"இத பாரு வெண்டல். உன்னை இந்த வேலைக்கு வைக்க நான் எத்தனை பேரோட மல்லுக்கு நின்னேன்னு உனக்குத் தெரியும். ஒரு வருஷம் பார்ப்போம்னுதான் ஸ்கூல் போர்டு ஒத்துக்கிச்சு. அஞ்சு ஆட்டத்துல மூணு தோத்திருக்க. இன்னைக்கு ஊரே ஒண்ணா நின்னு அழுதா, அது யாருக்கு நல்லது? உனக்குத்தான். நான் உனக்காகத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் வெண்டலுக்கு வலித்தது. இன்று ராத்திரி அப்பாவின் பெட்டி நடு மைதானத்தில் இருந்தால், அடுத்த வருடமும் அவன் கோச். இல்லாவிட்டால் தெரியாது. அப்பாவை அவன் வேலைக்காகக் கேட்கிறானா, அப்பாவுக்காகத்தான் கேட்கிறானா என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

காருக்குத் திரும்பியபோது அவனுக்கு ஆம்ப்ரோஸ் நினைவு வந்தது. அம்மா அதிகாரியை மறுப்பாள், மகனை மறுப்பாள். அப்பாவிடம் ஆடிய பழைய பிள்ளைகளை மட்டும் அவளால் மறுக்க முடியாது.

ஆம்ப்ரோஸ் ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் ஹெர்மன் ஹில் பள்ளியின் நட்சத்திர ஆட்டக்காரர். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக இருந்த பள்ளி அது. இருபத்தோரு வருடம் எஸ்ராதான் அங்கே தலைமைப் பயிற்சியாளர். பதினாலு வருடத்துக்கு முன்னால், அறுபத்தொன்பதில், அதையும் ஊரின் வெள்ளையர் பள்ளியையும் ஒன்றாக்குகிறோம் என்று சொல்லி, ஹெர்மன் ஹில்லை மூடினார்கள். பிள்ளைகள் அந்தப் பள்ளிக்குப் போனார்கள், எஸ்ராவும் உதவியாளராகப் போனார். ஹெர்மன் ஹில்லின் பச்சை நிறம் மட்டும் எங்கும் போகவில்லை. அது அப்படியே மறைந்துவிட்டது.

"நான் பேசுறேன் வெண்டல்," என்றார் ஆம்ப்ரோஸ், பாதி மழித்த முகத்தோடு நாற்காலியில் ஒருவர் காத்திருக்க. "எனக்கே ஒரு ஆசை இருக்கு. பேசிப் பார்க்கறேன்."

மூன்று மணிக்கு எஸ்ரா வீட்டுக்கு வந்தார். முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே பெட்டியை வைத்தார்கள். ஆர்டெல்லா அவரது டையைச் சரிசெய்தாள். "இந்த முடிச்சு யாரு போட்டது? அவரு இப்படிப் போடமாட்டாரு," என்று அவிழ்த்து மறுபடி கட்டினாள். அடக்க நிறுவனத்து ஆள் சங்கடத்தோடு கூரையைப் பார்த்தான்.

நாலு மணிக்கு ஆம்ப்ரோஸ் வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது, முன்னால் தொப்பை, கழுத்தில் பச்சை டை. அறைக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பள்ளிப் பையன்கள் மாதிரி சுவரோரமாக வரிசை கட்டி நின்றார்கள்.

"மிஸ் ஆர்டெல்லா, ஒண்ணு கேக்க வந்தோம்."

"தெரியும். யாரு அனுப்பினாங்கன்னும் தெரியும்." அவள் வெண்டலைப் பார்க்கவில்லை. "கேளு."

ஆம்ப்ரோஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஊருக்கு இருந்தது ஒரே ஸ்டேடியம். வெள்ளிக்கிழமை அவங்க பள்ளிக்கு, வியாழக்கிழமை நமக்கு. அந்த வியாழக்கிழமையிலயும் முன்வாசல் கேட்டைப் பூட்டித்தான் வச்சிருப்பாங்க. பின்பக்கம், குப்பை கொட்டுற சந்து வழியா உள்ள போவோம். அவங்க பசங்க போட்டுக் கழிச்ச ஹெல்மெட்டுதான் நமக்கு, உள்ள இன்னொருத்தன் பேரு எழுதியிருக்கும். கோச் எங்களை அழவிடமாட்டாரு. 'பந்துக்குக் கிழமை தெரியாதுடா, போய் ஆடு'ம்பாரு. மேடம், ஒரே ஒரு தடவை. வெள்ளிக்கிழமை, விளக்கெல்லாம் எரியறப்ப, முன்வாசல் வழியா அவரை எங்க தோள்ல தூக்கிட்டுப் போகணும். அந்த அதிகாரிக்காக இல்ல. எங்களுக்காக."

வெண்டல் நினைத்தது சரிதான், அம்மாவால் இவர்களை எடுத்த எடுப்பில் மறுக்க முடியவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். ரோசலின் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"ஆம்ப்ரோஸ், உங்கம்மா செத்தப்ப உன்னைத் தினம் எழுப்பி ஸ்கூலுக்கு அனுப்பினது யாரு?"

"கோச்தான் மேடம்."

"காலையில என் வீட்டு முட்டையை எல்லாம் தின்னது யாரு?"

"நான்தான் மேடம்." சுவரோரம் ஒருவர் கனைத்துச் சிரித்தார்.

"தின்னதைச் சொல்லிக் காட்டலப்பா. கணக்கு மட்டும் சொல்றேன், கேளு. திங்கள், செவ்வாய் பயிற்சி. புதன்கிழமை யாரு வீட்டுல விளக்குக்கு எண்ணெய் இல்ல, யாரு அப்பன் குடிச்சுட்டு அடிக்கிறான்னு வீடு வீடாப் போவாரு. வியாழன் ஆட்டம். சனிக்கிழமை பூரா ஆட்டப் படத்தைச் சுவத்துல போட்டுப் போட்டுப் பார்ப்பாரு. ஞாயிறு ஆண்டவருக்கு. மிச்சம் என்ன இருக்கு?"

அவளே கடைசி விரலை மடக்கிக் காட்டினாள்.

"வெள்ளிக்கிழமை. அன்னைக்கு ஊரு பூரா அந்த ஸ்டேடியத்துல இருக்கும், நமக்கு அங்க வேலை இல்ல. அவமானம்தான், இல்லேங்கல. ஆனா எனக்கு அது தேனு. அன்னைக்கு மட்டும்தான் அவர் கழுத்துல விசில் இருக்காது. டெலிபோனைக் கழட்டிக் கீழே வச்சிடுவாரு. நான் மீன் பொரிப்பேன். ரெண்டு பேரும் டாமினோ ஆடுவோம். ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் நேர்மை சொல்லிக் குடுத்த மனுஷன், என்கிட்ட காயை முழங்காலுக்கு அடியில ஒளிச்சு வச்சு ஏமாத்துவாரு. நானும் பார்க்காத மாதிரி இருப்பேன்."

வெண்டலுக்கு முகம் சூடானது. சின்ன வயதில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவனை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மாவும் அப்பாவும் சண்டை போடுவதற்காகத்தான் தன்னை அனுப்புகிறார்கள் என்று முப்பத்துமூன்று வயதுவரை நம்பிக்கொண்டிருந்தான் அந்தப் புத்திசாலி.

"அப்புறம் நம்ம ஸ்கூலை மூடினாங்க," என்றாள் ஆர்டெல்லா. "நீங்க ஜெயிச்ச கோப்பையெல்லாம் குப்பை லாரியில ஏறிச்சு. அவரோட பதவி போச்சுன்னு எல்லாரும் அழுதீங்க. அழவேண்டியதுதான். என் வெள்ளிக்கிழமையும் அன்னைக்கேதான் போச்சு. அதுக்கு யாராவது அழுதீங்களா? பதினாலு வருஷமா வெள்ளிக்கிழமை ராத்திரி நான் தனியா உக்காந்து அந்த ஒலிபெருக்கிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் அவர் வீட்டுல இருக்காரு. நாளைக்கு மண்ணுக்குப் போயிடுவாரு. இந்த ஒண்ணையும் கேக்குறீங்களேப்பா."

அப்போதுதான் அவள் அழுதாள். திங்கட்கிழமை முதல் தேக்கி வைத்ததெல்லாம் வந்தது. ஆம்ப்ரோஸ் அவள் முன்னால் ஒரு முழங்காலை மடித்து உட்கார்ந்தார்.

"இல்ல மேடம். நாங்க கேக்கல. கேட்டதா நினைக்காதீங்க."

வெண்டல் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். ஊரே பங்கு போட்டுத் தின்ற மனிதர். அதில் தன் பங்கும் இருக்கிறது என்பதை மறைக்க அவனுக்கு வழி தெரியவில்லை.

ஆறு மணிக்கு ஸ்டேடியத்தின் முன்வாசலில் ஹாகுட் காத்திருந்தார். கையில் மடித்த சிவப்புப் போர்வை.

"எங்க?"

"வீட்டுல இருக்காரு சார். வரமாட்டாரு."

"நீ யோசிச்சுத்தான் சொல்றியா?"

"எங்கம்மா யோசிச்சுட்டாங்க சார். நான் அதைக் கேட்டுட்டேன். அவ்வளவுதான்."

ஹாகுட் போர்வையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். "திங்கட்கிழமை காலையில என்னை வந்து பாரு," என்று மட்டும் சொன்னார்.

ஏழரைக்கு விளக்குகள் எரிந்தன. நடு மைதானம் காலியாக இருந்தது. மஞ்சள் சாமந்திப் பூவால் செய்த ஒரு வளையத்தை அங்கே வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கி பேசியது.

"பதினாலு ஆண்டுகள் நம் பள்ளிக்கு உழைத்த நம் அன்புக்குரிய உதவிப் பயிற்சியாளர் எஸ்ரா பெட்டவேயின் நினைவாக, ஒரு நிமிடம் மௌனம்..."

அதற்கு முந்தைய இருபத்தோரு வருடம் அந்த ஒலிபெருக்கிக்குத் தெரியவில்லை. ஊர் எழுந்து நின்றது, தொப்பியைக் கழற்றியது. பல பேர் உண்மையாகவே அழுதார்கள், அதையும் சொல்லவேண்டும். வெண்டல் தலை குனிந்து நின்றவன், மேல்வரிசையில் ஏதோ அசைவதைப் பார்த்து நிமிர்ந்தான். பச்சை டைகள். ஏழெட்டுப் பேரும் வரிசையாகப் படியிறங்கி, யாரையும் இடிக்காமல், யாரையும் பார்க்காமல், முன்வாசல் வழியாக வெளியே போனார்கள். ஆம்ப்ரோஸ் கடைசியாகப் போனார்.

எங்கே போகிறார்கள்? கோபத்தில்தான் போகிறார்கள் என்று நினைத்தான் வெண்டல். மறுபடி அம்மாவிடம் போய் நின்றுவிட்டால்?

ஆட்டம் அவன் கண்ணுக்குள் போகவே இல்லை. பையன்கள் பந்தைத் தவறவிட்டார்கள், தவறான பக்கம் ஓடினார்கள். இடைவேளைக்கு விசில் அடித்தபோது பதினான்கு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். வெண்டல் தன் மற்றொரு உதவியாளரைத் தோளில் தட்டினான்.

"பசங்களை நீ பார்த்துக்க. நான் வந்துடறேன்."

"கோச், இடைவேளை இருபது நிமிஷம்தான்!"

"தெரியும்."

வீட்டுத் தெருவில் திரும்பியதுமே அவர்களைப் பார்த்துவிட்டான். வேலிக்கு வெளியே, சாலையின் எதிர்ப்பக்கம், கையில் தொப்பியோடு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் தூரத்தில் வந்த காரைக் கைகாட்டித் திருப்பி அனுப்பினார்.

"என்ன பண்றீங்க இங்க?" என்றான் வெண்டல்.

"அவங்க வீடு அவங்களோடது," என்றார் ஆம்ப்ரோஸ். "ரோடு எல்லாருக்கும் பொது. துக்கம் கேக்கறேன், பாட்டுப் பாடறேன், ஜெபம் பண்றேன்னு எவனாவது வந்து கதவைத் தட்டிடக்கூடாதுல்ல. போதகரையே திருப்பி அனுப்பிட்டோம். கொஞ்சம் கோவிச்சுக்கிட்டாரு."

வெண்டல் சத்தம் போடாமல் கதவைத் திறந்தான். பொரித்த மீன் வாசனை வந்தது. பெட்டியின் மேல்பாதி திறந்திருந்தது. மூடியிருந்த கீழ்ப்பாதியின்மேல் டாமினோ காய்கள் ஒழுங்காகப் பரப்பியிருந்தன. ஆர்டெல்லா முழங்கையை ஊன்றி, அடுத்த காயை யோசித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்து அவள் கோபப்படவில்லை.

"இன்னைக்கு அவரால ஏமாத்த முடியாது," என்றாள். "ஆனாலும் நான்தான் தோத்துக்கிட்டிருக்கேன்."

"அம்மா..."

"பசங்ககூட யாரு இருக்கா?"

"உதவியாளன்."

"எவ்வளவு பின்னாடி?"

"பதினாலு."

"அப்ப இங்க என்ன வேலை உனக்கு? நான் என் புருஷனைத்தான் கேட்டேன். உன்னையா கேட்டேன்? போ. தோத்துக்கிட்டிருக்கிற பசங்களை நடுவுல விட்டுட்டு வந்தேன்னு இவருக்குத் தெரிஞ்சா எழுந்து உக்காந்துடுவாரு." அவள் கை நீட்டி மகனின் கன்னத்தைத் தொட்டாள். விரலில் எண்ணெய் இருந்தது. "நீ இன்னைக்கு அந்த ஆளுகிட்ட வேண்டாம்னு சொன்னியே, அது போதும் எனக்கு. போடா."

அவன் வெளியே வந்து கதவைச் சாத்தினான். தூரத்தில் பேண்டு வாத்தியம் கேட்டது. வாத்தியம் நின்றால் ஆட்டம் தொடங்கிவிடும்.

ரோசலின் வாசல் விளக்கை அணைத்துவிட்டு, காரின்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. வெண்டல் சாவியை எடுத்தபடி அவளருகே போனான்.

"உள்ள இருக்கலையா நீ?"

"உள்ள ரெண்டு பேருக்குத்தான் இடம்."

"சரிதான்." அவன் சிரிக்க முயன்றான். "அம்மா சொன்னதைக் கேட்டியா? இத்தனை வருஷமா எனக்கு ஒண்ணுமே தெரியல ரோசலின்."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "கல்யாணமான முதல் வருஷமே உங்கம்மா என்கிட்ட சொன்னாங்க. 'கோச்சுக்கு வாக்கப்பட்டிருக்க, முதல்லயே ஒரு கிழமையைப் பேசி வாங்கிக்கோ'ன்னு. நான் சிரிச்சேன். நீ அப்படி இல்லைன்னு சொன்னேன்."

வெண்டல் நின்றுவிட்டான்.

"எட்டு வருஷமாச்சு. திங்கட்கிழமை அந்த ஆளு உன்னை வேலையை விட்டு எடுத்தாலும் எனக்குக் கவலை இல்ல, எடுக்காட்டாலும் கவலை இல்ல. நான் வெள்ளிக்கிழமை எல்லாம் கேக்கல. ஒரு செவ்வாய்க்கிழமை குடுத்தாக்கூட இருந்துடுவேன். இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடு. எங்கக்கா ஹூஸ்டன்ல ஒரு அறையைக் காலியா வச்சிருக்கா." அவள் அழவில்லை. சர்ச் பாத்திரங்களுக்குக் காகிதம் ஒட்டிய அதே நிதானத்தோடு பேசினாள். "இப்பவே சொல்லணும்."

பேண்டு நின்றது.

வெண்டல் பதில் சொல்லத்தான் வாயெடுத்தான். சத்தியமாக, தருகிறேன் என்றுதான் சொல்ல வந்தான். ஆனால் அதற்குள் இடது கை தானாக உயர்ந்து, கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது.

ரோசலின் அதைப் பார்த்துவிட்டாள்.